பாலஸ்தீன அரசுக்கான திட்ட வரைபடங்கள்: ஆய்வு நிறுவனங்களின் அறிக்கைகளை எப்படி வாசிப்பது?

மலைமுகடு எழுதியது:

மேற்குக் கரையின் வடகோடியான ஜெனினில் ரயிலேறும் ஒருவர் நாப்லுஸ், ராமல்லா, ஜெருசலேம், பெத்லகேம், ஹெப்ரோன் ஆகிய ஊர்களைக் கடந்து, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் காசாவின் தென்பகுதியில் இறங்கிவிடலாம் என்று 2005இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் ஒரு திட்டத்தை வரைந்து வெளியிட்டது. மலைத்தொடரின் முகட்டை ஒட்டி வளைந்து செல்லும் அந்தப் பாதையின் வடிவத்தை வைத்து அதற்கு ‘ஆர்க்’ என்று பெயரிட்டார்கள். நாம் வில் என்று சொல்லிக்கொள்ளலாம். அதே ஆண்டில் வந்த இணை நூல், வெற்றிகரமான பாலஸ்தீன அரசு ஒன்றைக் கட்டுவதற்கு ஆட்சிமுறை, பாதுகாப்பு, பொருளாதாரம், நீர், மருத்துவம், கல்வி ஆகியவற்றில் என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக ஆராய்ந்து, முதல் 10 ஆண்டுகளுக்குச் சுமார் 3,300 கோடி டாலர் முதலீடு தேவைப்படும் என்று மதிப்பிட்டது.

இருபது ஆண்டுகளுக்குப் பின் இவ்விரண்டையும் மீண்டும் வாசித்தபோது எழுந்த ஓர் ஐயத்தை இங்கே வைக்கிறேன். அரசு எவ்வாறு உருவாகும் என்பதை ஆராய்வது தங்கள் பணியன்று, உருவானபின் அது எப்படிப் பிழைத்து நிற்கும் என்பதே தங்கள் கேள்வி என்று ஆசிரியர்கள் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். நேர்மையான வரையறைதான். ஆனால் நிலத்தின் தொடர்ச்சி, எல்லைகள் எந்த அளவுக்குத் திறந்திருக்கும் என்பது, பாதுகாப்பு ஆகியவை சரியாக அமையாவிட்டால் வேறெந்தப் பரிந்துரையும் பலிக்காது என்பதையும் அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். வீட்டுக்கான செங்கல் கணக்கு, மரக் கணக்கு, கூலிக் கணக்கு எல்லாவற்றையும் பிழையின்றிப் போட்டுவிட்டு, மனை மட்டும் கைக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம் என்று சொல்வதைப் போல இது எனக்குத் தோன்றுகிறது. இத்தகைய ஆய்வுகள் உண்மையில் உதவுகின்றனவா, அல்லது ஓர் அரசியல் சிக்கலைப் பொறியியல் சிக்கலாகக் காட்டிவிடுகின்றனவா? துறை அறிந்தவர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.

நகரமைப்பான் எழுதியது:

ஐயா, நீங்கள் வில் திட்டத்துக்குச் சற்று அநீதி இழைப்பதாக நினைக்கிறேன். நகரமைப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அதன் உள்ளமைப்பைச் சொல்கிறேன். ரயில் நிலையங்களைப் பழைய நகரங்களின் நடுவே வைக்காமல் சில கிலோமீட்டர் தள்ளி மலைமுகட்டில் வைத்திருக்கிறார்கள். நிலையத்தையும் பழைய ஊரின் மையத்தையும் ஓர் அகன்ற நிழற்சாலை இணைக்கிறது. புதிய குடியிருப்புகள் அந்தச் சாலையின் இருமருங்கிலும் எழும். இதனால் நாப்லுஸ், ஹெப்ரோன் போன்ற பழமையான நகரங்களின் கடைவீதிகள் செத்துப்போகாமல் புதிய மக்கள் திரளோடு இணைகின்றன. பள்ளத்தாக்குகளில் உள்ள விளைநிலமும் ஒலிவத் தோப்புகளும் தப்புகின்றன. குடிநீர்க் குழாய், மின்கம்பி, தொலைத்தொடர்பு இழை, நீளமான தேசியப் பூங்கா ஆகிய அனைத்தும் அதே தடத்தில் செல்வதால், ஒரே இடத்தில் ஒரே முறை தோண்டினால் போதும்.

இதற்கெல்லாம் அடிப்படை ஒரு மக்கள்தொகைக் கணக்கு. அப்போது சுமார் 36 லட்சமாக இருந்த மக்கள் 2020க்குள் 66 லட்சம் வரை பெருகலாம், திரும்பி வரக்கூடிய அகதிகளும் அதில் அடங்குவர் என்று கருதினார்கள். இத்தனை பேர் எங்கே குடியிருப்பார்கள் என்ற கேள்விக்கு விடை வைத்துக்கொள்ளாத அரசு, சுதந்திரம் பெற்ற மறுநாளே சேரிகளை உருவாக்கத் தொடங்கிவிடும். சுமார் 600 கோடி டாலர் செலவில் முதுகெலும்பை முதலில் போட்டுவிட்டு, சதையைப் பிறகு வளரவிடலாம் என்பதுதான் திட்டத்தின் சாரம்.

மனை கைக்கு வரும்வரை வரைபடம் வேண்டாம் என்கிறீர்கள். வரைபடம் இல்லாத இடத்தில் பணம் வந்து இறங்கினால் என்ன நடக்கும் என்பதைப் போருக்குப் பிந்தைய ஊர்கள் பலவற்றில் உலகம் பார்த்திருக்கிறது: ஒப்பந்தக்காரர்களின் வசதிதான் நகரத்தின் வடிவமாகிவிடும்.

கணக்கன் எழுதியது:

வரைபடம் பயன்படுமா என்பதை ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. அதற்கு ஏறக்குறைய ஒரு பரிசோதனையே நடந்திருக்கிறது. 2009 ஆகஸ்டில் அன்றைய பாலஸ்தீனப் பிரதமர் சலாம் ஃபய்யாத், ஆக்கிரமிப்பு முடிவதற்குக் காத்திராமல் இரண்டு ஆண்டுகளுக்குள் அரசுக்குரிய நிறுவனங்களைக் கட்டி முடிப்பது என்ற திட்டத்தை அறிவித்தார். அவர் பன்னாட்டு நாணய நிதியத்தில் (ஐ.எம்.எஃப்.) பணியாற்றிய பொருளியலாளர். வரவு செலவுக் கணக்கை வெளிப்படையாக்கினார், சம்பளத்தை வங்கிக் கணக்கில் செலுத்தச் செய்தார், காவல் துறையைச் சீர்ப்படுத்தினார். 2011 ஏப்ரலில், நன்கு இயங்கும் எதிர்கால அரசிடம் எதிர்பார்க்கப்படும் பொருளாதாரக் கொள்கைகளை நடத்தும் திறன் பாலஸ்தீன நிர்வாகத்துக்கு வந்துவிட்டது என்று பன்னாட்டு நிதியம் மதிப்பிட்டது. உலக வங்கியும் ஐ.நா.வும் ஏறத்தாழ அதையே சொல்லின.

ஆக, தேர்வு எழுதப்பட்டது, தேர்ச்சியும் அறிவிக்கப்பட்டது. பட்டம் மட்டும் வரவில்லை. 2012 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை 138 வாக்குகளால் பாலஸ்தீனத்துக்கு உறுப்பினரல்லாத பார்வையாளர் நாடு என்ற தகுதியை வழங்கியது. அதற்கு எதிர்வினையாக இஸ்ரேல் வரித்தொகையை நிறுத்திவைத்தது. 2013 ஏப்ரலில் ஃபய்யாத் பதவி விலகினார்.

வரித்தொகை என்று சொன்னதை விளக்க வேண்டும், ஏனென்றால் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1994இல் கையெழுத்தான பாரிஸ் பொருளாதார நெறிமுறையின்படி இஸ்ரேலும் பாலஸ்தீனப் பகுதிகளும் ஒரே சுங்க வளையத்துக்குள் இருக்கின்றன. பாலஸ்தீனர்களுக்காக இறக்குமதியாகும் பொருள்களுக்கான வரியை இஸ்ரேல் வசூலித்து, 3 விழுக்காடு கட்டணம் பிடித்துக்கொண்டு, மீதியை மாதந்தோறும் பாலஸ்தீன நிர்வாகத்தின் தலைமையிடமான ராமல்லாவுக்கு அனுப்ப வேண்டும். பாலஸ்தீன நிர்வாகத்தின் வருவாயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதுதான். சொந்த நாணயம் கிடையாது. புழங்குவது இஸ்ரேலின் ஷெக்கேல். மதிப்புக் கூட்டு வரியைக்கூட இஸ்ரேலின் விகிதத்தைவிட 2 புள்ளிக்கு மேல் குறைக்க முடியாது. வட்டி விகிதம், நாணய மாற்று, சுங்கம் ஆகிய மூன்றும் கையில் இல்லாத நிதியமைச்சர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், அவர் செய்யக்கூடியது செலவைக் குறைப்பது ஒன்றே. 2021இன் இறுதியிலிருந்து அரசு ஊழியர்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்கவே நிர்வாகத்தால் இயலவில்லை.

ஊற்றுக்கண் எழுதியது:

நீர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இஸ்ரேலும் பாலஸ்தீனர்களும் 1995இல் செய்துகொண்ட இரண்டாம் ஆஸ்லோ உடன்பாட்டின் 40ஆம் பிரிவு, மேற்குக் கரைப் பாலஸ்தீனர்களின் எதிர்காலத் தேவை ஆண்டுக்கு 7 முதல் 8 கோடி கன மீட்டர் கூடுதல் நீர் என்று ஏற்றுக்கொண்டு, இடைக்காலத்துக்கு 2.86 கோடி கன மீட்டர் தருவதாகச் சொன்னது. அந்த இடைக்காலம் 5 ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டும். இன்றும் அதே ஏற்பாடுதான் நடைமுறையில் உள்ளது. மேற்குக் கரையில் புதிய ஆழ்குழாய்க் கிணறு தோண்ட இருதரப்பும் அமர்ந்திருக்கும் கூட்டு நீர்க்குழுவின் ஒப்புதல் வேண்டும். குழாய் சி பகுதியைக் கடந்தால் இஸ்ரேலிய ராணுவத்தின் சிவில் நிர்வாகத்திடம் தனி அனுமதியும் பெற வேண்டும். சி பகுதி என்பது அந்த உடன்பாட்டின்படி இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் உள்ள நிலம், மேற்குக் கரையின் சுமார் 60 விழுக்காடு. பாலஸ்தீன நிர்வாகம் இயங்கும் ஏ, பி பகுதிகள் அதனுள் தீவுகளைப் போலச் சிதறிக் கிடப்பதால், எந்த நீளமான குழாயும் சி பகுதியைத் தொடாமல் செல்வது அரிது.

ராமல்லாவுக்கு வடக்கே தனியார் முதலீட்டில் எழுந்த ரவாபி நகரத்தை நகரமைப்பான் அறிந்திருப்பார். திட்டமிட்டு எழுப்பப்பட்ட முதல் பாலஸ்தீன நகரம் அது. வீடுகள் கட்டி முடிக்கப்பட்டும், நீர் இணைப்புக்கான அனுமதி 2015இல்தான் கிடைத்தது. அதுவரை வீடு வாங்கியவர்கள் குடியேற முடியவில்லை. நகரத்துக்குச் செல்லும் சாலையின் ஒரு பகுதி சி பகுதி வழியே செல்வதால் அதற்கும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பணம் இருந்தது, பொறியாளர்கள் இருந்தார்கள், வாங்குபவர்களும் இருந்தார்கள்.

காசாவின் நிலை வேறு. 2023 அக்டோபரில் தொடங்கிய போருக்கு முன்பே அங்குள்ள கடலோர நிலத்தடி நீரில் 95 விழுக்காட்டுக்கு மேல் குடிக்கத் தகுதியற்றதாகிவிட்டது. உப்பும் கழிவும் சேர்ந்த அந்த நீரை எந்தக் கூட்டுக்குழுவும் திரும்பச் சுத்தமாக்கிவிட முடியாது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள்தான் வழி, அவற்றுக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு எரிபொருள் வேண்டும், எரிபொருள் எல்லை வாயிலைக் கடந்து வர வேண்டும்.

எதிர்க்கேள்வி எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் அனைவரும் ஒரே திசையில் நிற்பதால் மறுபக்கத்தை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அனுமதி, அனுமதி என்கிறீர்கள். அந்த அனுமதிகள் ஏன் வந்தன என்று யாரும் கேட்கவில்லை. 2005இல் இஸ்ரேல் காசாவிலிருந்து தன் குடியேற்றங்களையும் படையையும் விலக்கிக்கொண்டது. 2006 ஜனவரித் தேர்தலில் ஹமாஸ் வென்றது, 2007 ஜூனில் ஆயுத மோதலின் முடிவில் காசா முழுவதும் அதன் கைக்குப் போனது, ராக்கெட்டுகள் நிற்கவில்லை. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். விட்டுக்கொடுத்த நிலத்திலிருந்து தாக்குதல் வந்தது என்று ஒரு சராசரி இஸ்ரேலியக் குடிமகன் கருதுவதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட்டால், உங்கள் ஆய்வு எதுவும் அவரிடம் எடுபடாது.

இரண்டாவது, ஃபய்யாத் கட்டிய நிறுவனங்களின் கதை. நாடாளுமன்றத் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். 2021 மே மாதத்துக்கு அறிவிக்கப்பட்ட தேர்தலை, கிழக்கு ஜெருசலேமில் வாக்களிக்க வழியில்லை என்ற காரணம் காட்டி பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸ் தள்ளிவைத்தார். ராமல்லாவில் கலீல் ஷிகாகி நடத்தும் ஆய்வு மையத்தின் கருத்துக்கணிப்புகளில், அப்பாஸ் பதவி விலக வேண்டும் என்று பெரும்பான்மையோர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். கணக்கேடு சுத்தமாக இருப்பதால் மட்டும் ஓர் ஆட்சிக்கு மக்களின் ஒப்புதல் வந்துவிடாது. பன்னாட்டு நிதியம் கொடுத்த சான்றிதழைக் கணக்கன் சற்று அதிகமாகவே மதிக்கிறார்.

மலைமுகடு எழுதியது:

எதிர்க்கேள்வி, நீங்கள் சொன்ன இரண்டாவது கருத்தை முழுமையாக ஏற்கிறேன். முதலாவதில் நிகழ்வுகளின் வரிசை குறித்து ஒன்று சொல்ல வேண்டும்.

2005இல் படை விலகியபோது காசாவில் குடியேறிகள் விட்டுச்சென்ற பசுங்குடில்கள் நிறைய இருந்தன. அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம், ஐ.நா. ஆகியவை சேர்ந்த நால்வர் அணியின் தூதராக இருந்த ஜேம்ஸ் வுல்ஃபென்சன், சொந்தப் பணத்தில் 5 லட்சம் டாலரையும் சேர்த்து, சுமார் 1.4 கோடி டாலருக்கு அவற்றைப் பாலஸ்தீனர்களுக்காக வாங்கினார். சில சூறையாடப்பட்டன என்பது உண்மை. அந்தச் சூறையாடலைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலானவை பழுதுபார்க்கப்பட்டு, அந்தப் பருவத்திலேயே தக்காளியும் மிளகாயும் விளைந்தன. அவற்றை ஏற்றுமதி செய்ய இருந்த ஒரே வழி, இஸ்ரேல் எல்லையில் இருந்த கர்னி வாயில். எல்லை வாயில்களைத் திறந்து வைப்பதற்கென்று 2005 நவம்பரில் தனி உடன்பாடே கையெழுத்தாகியிருந்தும், பாதுகாப்புக் காரணம் சொல்லி அந்த வாயில் 2006இன் தொடக்கத்தில் பெரும்பாலான நாள்கள் மூடிக் கிடந்தது. விளைச்சல் லாரிகளிலேயே அழுகியது. கர்னியில் தாக்குதல்கள் நடந்திருந்தன, எச்சரிக்கைகளும் இருந்தன, அதை மறைக்கவில்லை. ஆனாலும் காசாவிடம் நிலத்தைக் கொடுத்துப் பார்த்தோம் என்ற கூற்றில், நிலத்தோடு வாயிலையும் கொடுத்தார்களா என்ற கேள்வி விடுபட்டுப் போகிறது. 1998இல் திறக்கப்பட்ட காசா விமான நிலையத்தின் ஓடுபாதை, இரண்டாம் இன்திஃபாதா எனப்படும் பாலஸ்தீன எழுச்சி நடந்துகொண்டிருந்தபோது உழப்பட்டுவிட்டது. துறைமுகமோ கட்டப்படவே இல்லை.

மருதம் எழுதியது:

எனக்கு இந்த விவாதத்தில் ஒரு சொல் மீது கண். பிழைத்து நிற்கவல்ல அரசு, தன்காலில் நிற்கக்கூடிய அரசு என்று நாம் பலவாறு மொழிபெயர்க்கும் அந்த அடைமொழி எங்கிருந்து வந்தது? 1933இன் மான்டிவிடியோ உடன்படிக்கை, நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவாடும் திறன் ஆகிய நான்கை மட்டுமே ஓர் அரசின் தகுதிகளாகச் சொல்கிறது. வருவாய் போதுமா, தண்ணீர் உண்டா என்று அது கேட்கவில்லை. குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளில் பல, இந்தக் கேள்விக்கு விடை சொல்லியிருக்கவே முடியாத நிலையில்தான் விடுதலை பெற்றன.

2003இல் நால்வர் அணி வெளியிட்ட அமைதிக்கான வழிவரைபடத்தில் சுதந்திரமான, ஜனநாயகமான, பிழைத்து நிற்கவல்ல பாலஸ்தீன அரசு என்ற தொடர் இடம்பெறுகிறது. அங்கே அந்தச் சொல் பாலஸ்தீனர்களுக்கு ஒரு காப்பாகவே வந்தது. துண்டு துண்டான நிலத்தைக் கொடுத்து அதற்கு நாடு என்று பெயர் சூட்டிவிடக் கூடாது என்பதே அதன் கருத்து. ஆனால் ஆய்வு நிறுவனங்களின் கைக்கு வந்தபின் அதே சொல் மெல்ல மெல்லப் பாலஸ்தீனர்கள் கடக்க வேண்டிய தேர்வாக மாறிவிட்டது என்று நினைக்கிறேன். கொடுப்பவர் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கான அளவுகோல், வாங்குபவர் தகுதியானவரா என்பதற்கான அளவுகோலாகத் திரும்பிவிட்டது.

யார் ஆராய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ராண்டின் 2005 நூல்கள் தனியார் நன்கொடையில் எழுதப்பட்டவை. அதனாலேயே அவற்றை ஐயுற வேண்டியதில்லை. ஆனால் ராமல்லாவில் 1994 முதல் இயங்கும் மாஸ் என்ற பொருளாதாரக் கொள்கை ஆய்வு நிறுவனம், பாலஸ்தீன, இஸ்ரேலிய, பன்னாட்டுப் பொருளியலாளர்கள் 2002 முதல் சேர்ந்து பணியாற்றிய எக்ஸ் குழு ஆகியவற்றின் ஆய்வுகளை நம்மில் எத்தனை பேர் தேடிப் படித்தோம்? அவற்றில் சுங்க எல்லை யாருடையது, நில எல்லை எது என்பவை முன்னுரையோடு கடந்துபோகும் ஊகங்களாக இல்லாமல், ஆய்வின் மையப் பொருளாகவே இருக்கின்றன.

கணக்கன் எழுதியது:

மருதம் சொன்ன திருப்பம் எனக்கு இதுவரை தோன்றவில்லை, நன்றி அம்மா. ஆனால் அளவுகோலைத் திரும்பவும் கொடுப்பவர் பக்கம் பிடித்த ஆய்வுகளும் இருக்கின்றன. 2013இல் உலக வங்கி, சி பகுதியில் பாலஸ்தீனத் தொழில்கள் தடையின்றி இயங்கினால் ஆண்டுக்குச் சுமார் 340 கோடி டாலர் கூடுதல் உற்பத்தி கிடைக்கும், அது 2011ஆம் ஆண்டின் மொத்த உற்பத்தியில் 35 விழுக்காட்டுக்குச் சமம் என்று கணக்கிட்டது. ஜோர்தான் பள்ளத்தாக்கின் வேளாண்மை, சாக்கடலின் கனிமங்கள், கட்டடக் கல் ஆகியவற்றிலிருந்து அந்தத் தொகை வருகிறது. அதாவது, ஒரு நன்கொடையும் இல்லாமல், அனுமதியால் மட்டுமே கிடைக்கக்கூடிய வருமானம். ராண்டே 2015இல் வேறொரு ஆய்வில், இரு அரசுத் தீர்வு ஏற்பட்டால் 10 ஆண்டுகளில் இஸ்ரேலியர்களுக்கு 12,300 கோடி டாலரும் பாலஸ்தீனர்களுக்கு 5,000 கோடி டாலரும் ஆதாயம் என்றது. ஆனால் தலைக்கு என்று பார்த்தால் பாலஸ்தீனர்களின் வருமானம் 36 விழுக்காடு உயரும், இஸ்ரேலியர்களுடையது 5 விழுக்காடு மட்டுமே. மொத்தத் தொகை எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும், தலைக்கு 5 விழுக்காட்டுக்காகத் தன் அச்சத்தை விட்டுவிட எந்த வாக்காளரும் முன்வரமாட்டார். எதிர்க்கேள்வி சொன்ன அந்தச் சராசரிக் குடிமகனைப் பொருளியல் வாதத்தால் ஏன் அசைக்க முடியவில்லை என்பதற்கு விடை அந்த ஆய்வுக்குள்ளேயே இருக்கிறது.

காசாவைப் பொறுத்தவரை இந்தக் கணக்குகள் எல்லாம் இப்போது பழங்கதை. 2025 பிப்ரவரியில் உலக வங்கியும் ஐ.நா.வும் ஐரோப்பிய ஒன்றியமும் மதிப்பிட்ட மறுகட்டுமானத் தேவை 5,300 கோடி டாலர். 2005இல் புதிய அரசு முழுவதற்கும் போட்ட கணக்கு 3,300 கோடி என்பதை நினைத்துப் பாருங்கள். போருக்கு முந்தைய 15 ஆண்டுகளின் வளர்ச்சி வேகமே திரும்பினால், காசா தன் 2022ஆம் ஆண்டு உற்பத்தி நிலையை மீண்டும் எட்ட 350 ஆண்டுகள் ஆகும் என்று ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி அமைப்பான அங்டாட் 2024இல் எழுதியது. போர் எவ்வளவு அழித்தது என்பதோடு, முற்றுகையின் கீழ் அந்த 15 ஆண்டுகளில் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்பதையும் அந்த எண் சொல்கிறது.

நகரமைப்பான் எழுதியது:

என் முதல் பதிவில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். நேற்றிரவு வில்லின் பாதையை இன்றைய இஸ்ரேலியக் குடியேற்றங்களின் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். 2005இல் கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக மேற்குக் கரையில் சுமார் இரண்டரை லட்சம் குடியேறிகள் இருந்தார்கள். இன்று 5 லட்சத்துக்கு மேல். ராமல்லாவையும் பெத்லகேமையும் இணைக்க வேண்டிய நடுப்பகுதியில்தான், ஜெருசலேமுக்குக் கிழக்கே உள்ள இ-1 பகுதியில் சுமார் 3,400 வீடுகள் கட்டும் திட்டத்துக்கு 2025 ஆகஸ்டில் இறுதி ஒப்புதல் அளித்திருக்கிறார்கள். மனை கைக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாமா என்று மலைமுகடு ஐயப்பட்டார். வில்லே நடுவில் முறிந்திருக்கிறது. நிலையங்களின் இடத்தை மாற்றிச் சரிசெய்துவிடக்கூடிய முறிவாக எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் நான் வரைபடத்தைக் கைவிடவில்லை. 2005இன் வரைபடம் இல்லாவிட்டால், இருபது ஆண்டுகளில் இழந்தது எது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சுட்டிக்காட்டியிருக்க முடியாது.

எதிர்க்கேள்வி எழுதியது:

அது ஒரு பயன்தான், ஒப்புக்கொள்கிறேன். 2025 செப்டம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் உள்ளிட்ட நாடுகள் பாலஸ்தீனத்தை அங்கீகரித்தன. மான்டிவிடியோவின் நான்காம் தகுதியில் இனி ஐயமில்லை. ஆனால் அங்கீகரித்த நாடுகளில் ஒன்றாவது கர்னி போன்ற ஒரு வாயிலின் சாவிக்குப் பொறுப்பேற்க முன்வந்ததா? இஸ்ரேலியர்களின் அச்சத்துக்கும் பாலஸ்தீனர்களின் லாரிக்கும் ஒரே நேரத்தில் விடைசொல்லும் எல்லைக் கண்காணிப்பு எப்படி இருக்கும் என்பதை எழுதும் ஆய்வு ஒன்றைக் காட்டுங்கள், நான் முதல் வாசகனாக வருகிறேன்.

மலைமுகடு எழுதியது:

அப்படியொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்தால் தனி இழை தொடங்குகிறேன். இதற்கிடையில் ஊற்றுக்கண் சொன்ன ரவாபிக் கதையைப் பின்பற்றி ஒரு சிறு வேலையைத் தொடங்கியிருக்கிறேன். 2005 நூலின் ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே, அது நிறைவேற யாருடைய கையொப்பம் வேண்டும் என்று ஒரு பத்தி சேர்த்து எழுதி வருகிறேன். கல்விப் பாடத்திட்டம், ஆரம்பச் சுகாதாரம், தணிக்கை, நீதிமன்றச் சீர்திருத்தம், தேர்தல் ஆகியவை பெரும்பாலும் ராமல்லாவின் கையொப்பத்தில் அடங்குகின்றன. அவற்றில் நடக்காதவற்றுக்கு ராமல்லாவே விடை சொல்ல வேண்டும், கிழக்கு ஜெருசலேம் வாக்குச்சாவடி ஒன்றைத் தவிர. நீர், மின்சாரம், சாலை, துறைமுகம், வரி, வங்கி ஆகியவற்றின் எதிரே ஒரு கையொப்பம்கூட ராமல்லாவுடையது மட்டுமாக இல்லை.

தொலைத்தொடர்புக்கு வந்தபோது சற்று நின்றுவிட்டேன். மேற்குக் கரையின் பாலஸ்தீனக் கைபேசி நிறுவனங்களுக்கு 3ஜி அலைவரிசை கிடைத்தது 2018 ஜனவரியில். அப்போது உலகம் 5ஜியைத் தொடங்கிக்கொண்டிருந்தது. காசாவுக்கு அந்த 3ஜியும் வரவில்லை.

நீர்ப் பகுதிக்கான பட்டியலை ஊற்றுக்கண் ஒருமுறை சரிபார்த்துத் தந்தால் முழுவதையும் இங்கே பதிவிடுகிறேன்.